கை நடுங்கினால் கம்பி என்ன செய்யும்?

வானில் ஹெலிகொப்டரின் ஓசை கேட்டால் எமது பொத்துவிலில் இன்றும் பலர் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பதுண்டு. சிறுவர்களுக்கு அது வேடிக்கை. நாற்பதைக் கடந்தவர்களுக்கோ அது வெறும் வேடிக்கையன்று. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் கரை கடந்து ஊருக்குள் புகுந்தது. அறுகம் குடாப் பாலம் சிதைந்தது. தெற்கே பாணமைக்குச் செல்லும் வழி தடைப்பட்டது. தரைவழியே சென்றடைய இயலாத இடங்களுக்கு வான்வழியே உணவும் மருந்தும் வந்த நாட்கள் அவை. அந்நாட்களைக் கண்டவர்களின் செவிக்கு ஹெலிகொப்டரின் ஓசை ஆறுதலின் ஓசையாகும்.

அப்பொழுது நாம் பட்டம் பெற்று உத்தியோகத்துக்காகக் காத்திருந்த காலம். மணலையும் சருகையும் வாரியிறைத்தவாறு திடலொன்றில் இறங்கிய ஹெலிகொப்டரை வேலியோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எம் அருகில் நின்றவர் அயல்வீட்டுக் காக்கா. தோணி ஓட்டித் தொழில் செய்தவர். தோணியையும் வலையையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்றவர். கூடியிருந்தோர் யாவரும் இறக்கப்படும் மூட்டைகளைப் பார்க்க, அவர் மட்டும் கண்ணாடிக்குப் பின்னே தெரிந்த விமானியின் கைகளையே நோக்கிக்கொண்டிருந்தார்.

“பாருங்க தம்பி, அந்தக் கை ரெண்டும் ஒரு நிமிசம் சும்மா இருக்குதா? கடல் கொந்தளிக்கக்குள்ள சுக்கான் புடிக்கிற கையும் இப்புடித்தான்” என்றார்.

அந்தச் சொல் எம் மனத்தில் நெடுநாள் தங்கியிருந்தது. 2020 ஆம் ஆண்டு செப்டெம்பர் 3 ஆம் திகதி அது மீண்டும் நினைவுக்கு வந்தது. அன்று எமது ஊருக்கு வடக்கேயுள்ள சங்கமன்கண்டி முனையிலிருந்து 38 கடல் மைல் தொலைவில், ஏறக்குறைய 270,000 தொன் மசகெண்ணெயை ஏற்றிச் சென்ற நியூ டயமண்ட் என்னும் கப்பல் தீப்பற்றிக்கொண்டது. மாலுமி ஒருவர் உயிரிழந்தார். எண்ணெய் கடலிற் கலந்தால் இக்கரையோரத்து மீனவரின் கதி என்னாகும் என்று எல்லோரும் கலங்கியிருந்த வேளையில், எமது விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகொப்டர் பெரிய நீர்ப்பை ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு போய்த் தீயின்மீது நீரைக் கொட்டிய காட்சியைப் படங்களிற் கண்டோம். கீழே தீ, எதிரே புகை, அடியில் ஊசலாடும் நீர்ப்பாரம், சுற்றிலும் கடற்காற்று. இவற்றுக்கு நடுவே அந்த விமானியின் கைகள் எத்தனை வேலை செய்திருக்க வேண்டும்!

அந்தக் கைகளின் சுமையைக் குறைக்க ஒரு வழி உண்டு என்று பொறியியலாளர் கூறுகின்றனர். விமானியின் கைக்கும் சுழலும் இறக்கைக்கும் இடையே ஒரு கணினியை அமர்த்துவதே அவ்வழி. பெரிய பயணிகள் விமானங்களில் அது பல்லாண்டுகளுக்கு முன்னரே இடம்பெற்றுவிட்டது. வர்த்தகத் தேவைக்கான ஹெலிகொப்டர்களிலோ அது இன்னும் வாசற்படியைத் தாண்டப் பெரும்பாடு படுகிறது. அதன் காரணத்தை ஆராயப் புகுந்த நாம், இரண்டு உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற ஒரு பாடத்தைக் கண்டோம். அதையே இங்கு வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

இரு கை, இரு கால், ஓயாத வேலை

சாதாரண ஆகாய விமானம் பெரும்பாலும் இயல்பாகவே நிலைபேறுடையது. விமானி ஒரு கணம் கையை எடுத்தாலும் அது தன் வழியே நேராகச் செல்லும். ஹெலிகொப்டர் அத்தகையதன்று. வானில் ஓரிடத்தில் நிற்கும் ஹெலிகொப்டரை, உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திய தும்புத்தடிக்கு ஒப்பிடலாம். தும்புத்தடி விழாதிருக்க வேண்டுமாயின் கை இடைவிடாது அசைந்துகொண்டே இருத்தல் வேண்டும்.

விமானியின் இடக்கையில் ஒரு நெம்புகோல் உண்டு. அதை உயர்த்தினால் மேலே சுழலும் இறக்கைகள் யாவும் ஒருங்கே தம் சாய்வைக் கூட்டிக் காற்றை மேலும் பலமாகக் கீழே தள்ளும், ஊர்தி மேலெழும். வலக்கையில் ஒரு கோல். அதை எப்பக்கம் சாய்க்கின்றாரோ அப்பக்கம் சுழலியின் தளமும் சாயும். ஊர்தி அத்திசையில் நகரும். கால்களின் கீழே இரண்டு மிதிகள். அவை வாலிலுள்ள சிறு சுழலியைக் கட்டுப்படுத்தி, ஊர்தியின் முகம் எத்திசை நோக்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கின்றன.

சொல்லும்போது எளிதாகவே தோன்றும். ஆனால் இவற்றுள் ஒன்றைத் தொட்டால் மற்றவையும் அசையும். இடக்கை நெம்பை உயர்த்தினால் எஞ்சினின் முறுக்கம் கூடும். உடனே ஊர்தியின் உடல் சுழலிக்கு எதிர்த்திசையில் திரும்ப முற்படும். அதைத் தடுக்க மிதியை அழுத்த வேண்டும். மிதியை அழுத்தினால் ஊர்தி பக்கவாட்டில் நகரத் தொடங்கும். அதை நிறுத்த வலக்கைக் கோலைச் சாய்க்க வேண்டும். அதனால் உயரம் சிறிது குறையும். மறுபடியும் இடக்கைக்கு வேலை வரும். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பர். ஹெலிகொப்டர் விமானிக்கோ நாற்புறமும் இடி.

இகோர் சிகோர்ஸ்கி 1939 ஆம் ஆண்டு செப்டெம்பர் 14 ஆம் திகதி தமது வீ.எஸ்.-300 என்னும் ஹெலிகொப்டரை நிலத்திலிருந்து சற்றே எழுப்பிய நாள் தொடக்கம், விமானியின் கையசைவு உலோகத் தண்டுகளும் நெம்புகளும் வழியாகவே இறக்கைகளைச் சென்றடைந்து வந்திருக்கிறது. ஊர்திகள் பெரியனவாக வளர்ந்தபோது, எண்ணெய் அமுக்கத்தால் இயங்கும் தள்ளிகள் விமானியின் கைக்குப் பலம் சேர்த்தன. சிறு அசைவுகளைத் தாமே திருத்தும் துணைக்கருவிகளும் பின்னர் வந்து சேர்ந்தன. எனினும் அடிப்படை மாறவில்லை. கையிலிருந்து சுழலி வரை தொட்டுப் பார்க்கத்தக்க உலோகத் தொடர்பு ஒன்று இருந்தது. எமது விமானப்படை நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் பெல் 212, எம்.ஐ.-17 ஆகியனவும் இம்முறையைச் சேர்ந்தனவே.

தண்டு போய்க் கம்பி வந்தது

இந்த உலோகத் தொடர்பை அறுத்துவிட்டு, அதன் இடத்தில் மின்கம்பியை வைப்பதே ‘பிளை-பை-வயர்’ எனப்படும் முறை. தமிழில் இதனைக் கம்பிவழிக் கட்டுப்பாடு எனலாம். விமானி கோலை அசைக்கும்போது உணரிகள் அவ்வசைவை அளக்கின்றன. அந்த அளவு மின்குறியாக மாறிக் கணினிக்குச் செல்கிறது. கணினியோ அதை அப்படியே இறக்கைக்கு அனுப்புவதில்லை. ஊர்தி எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எவ்வளவு வேகத்திற் செல்கிறது, எஞ்சின் எவ்வளவு வலு தருகிறது என்பனவற்றையெல்லாம் பார்த்து, விமானி விரும்பியது நிறைவேற வேண்டுமாயின் இறக்கைகள் எவ்வாறு சாய வேண்டும் என்று கணித்த பின்னரே தள்ளிகளுக்கு ஆணையிடுகின்றது.

இங்கே நிகழும் மாற்றம் பெரியது. பழைய முறையில் விமானியின் கை இறக்கைக்கு நேரே கட்டளையிட்டது. புதிய முறையில் கை தன் விருப்பத்தை மட்டும் தெரிவிக்கின்றது. ‘இங்கே நில்’ என்றால் காற்று எப்பக்கம் தள்ளினும் ஊர்தி அங்கேயே நிற்கும். ஒன்றைத் தொட்டால் மற்றவை அசையும் தொல்லையைக் கணினி தானே சமாளித்துக்கொள்ளும். புழுதி கண்ணை மறைக்கும் திடலிலும், அலைமேல் ஆடும் கப்பலின் மேலும் விமானி தம் கருத்தைக் கையிலன்றி வெளியிலே செலுத்தலாம்.

வாசகர் ஒன்றை மறத்தலாகாது. கம்பி வந்ததனால் உலோகம் முற்றாக ஒழிந்துவிடுவதில்லை. சுழலியின் அடியில் இறக்கைகளைச் சாய்விக்கும் தட்டும், அதன் தாங்கிகளும், தள்ளிகளும் இருந்தே தீரும். கைக்கும் தள்ளிக்கும் இடையே இருந்த தண்டுகள் மட்டுமே மறைகின்றன.

இம்முறை புதியதன்று. 1972 ஆம் ஆண்டு மே 25 ஆம் திகதி அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா, எப்-8 என்னும் விமானத்தை முதன்முதலாக இலக்கமுறைக் கணினியின் வழியே பறக்கவிட்டது. சந்திரனுக்கு மனிதரை இட்டுச்சென்ற அப்போலோ விண்கலத்தின் கணினியையே அதில் பொருத்தினர். பயணிகள் விமானத்தில் அதனை முழு அளவில் கொண்டுவந்தது 1987 பெப்ரவரி 22 ஆம் திகதி முதன்முதலாகப் பறந்த ஏர்பஸ் ஏ320 ஆகும். கட்டுநாயக்காவிலிருந்து ஏ320, ஏ330 ஆகிய விமானங்களில் ஏறி மத்திய கிழக்குக்கும் சென்னைக்கும் சென்றுவந்த எம்மவர் பலர், தாம் கம்பிவழியே பறந்ததை அறியாமலே பறந்திருக்கின்றனர்.

தாமதத்தின் காரணம்

அவ்வாறாயின் வர்த்தக ஹெலிகொப்டர் ஏன் பின்தங்கியது? இராணுவ ஹெலிகொப்டர்களில் இம்முறை வந்துவிட்டது. ஐரோப்பிய நாடுகள் சில கூடி உருவாக்கிய என்.எச்.90 முழுவதும் கம்பிவழியே இயங்குவது. ஆனால் இராணுவத்துக்குப் போதுமானது பொதுமக்களை ஏற்றிச் செல்வதற்குப் போதாது.

மக்களை ஏற்றும் ஊர்தியில், முழு அழிவுக்குக் காரணமாகக்கூடிய கோளாறு ஒன்று நூறு கோடிப் பறப்பு மணித்தியாலங்களுக்கு ஒரு முறைக்கு மேல் நிகழும் வாய்ப்பு இருத்தலாகாது என்பது வான்பயணத் துறையின் அளவுகோல். நூறு கோடி மணித்தியாலம் என்றால் ஒரு இலட்சத்துப் பதினாலாயிரம் ஆண்டுகள்! தண்டு முறிந்தால் கண்ணாற் காணலாம். கணினியின் உள்ளே எழுதப்பட்ட ஆணையில் உள்ள பிழையை எவர் காண்பார்? ஆகவே ஒரு கணினியை நம்பாமல் மூன்றை வைக்கின்றனர். மூன்றும் தனித்தனியே கணிக்கும். ஒன்று மாறுபட்டால் மற்ற இரண்டும் சேர்ந்து அதை ஒதுக்கிவிடும். ஏ320 விமானத்தில் இன்னும் ஒரு படி மேலே சென்று, வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு விதமாகச் செய்த கணினிகளைப் பொருத்தினர். ஒரே தவறை எல்லோரும் செய்துவிடலாகாது என்பதே அதன் நோக்கம்.

இத்தனைக்கும் செலவு மிகுதி. பயணிகள் விமானம் ஆயிரக்கணக்கில் விற்பனையாகும். அதன் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். பெரிய வர்த்தக ஹெலிகொப்டர் விற்பனையாவது குறைவு. மேலும் தண்டு முறையும் துணைக்கருவிகளும் சேர்ந்து ஓரளவு நன்றாகவே வேலை செய்தமையால், ‘உள்ளதைக் கொண்டு ஊர் போவோம்’ என்று பலர் இருந்துவிட்டனர்.

இந்நிலையில் துணிந்து முன்வந்தது அமெரிக்காவின் பெல் நிறுவனம். பெல் 525 என்னும் தனது புதிய ஹெலிகொப்டரை 2012 ஆம் ஆண்டு அறிவித்தது. இரண்டு எஞ்சின்கள், ஐந்து இறக்கைகள், பத்தொன்பது பயணிகள் வரை ஏற்றும் வசதி, ஏறக்குறைய 9,300 கிலோகிராம் நிறை. கடலில் உள்ள எண்ணெய்த் துரப்பண மேடைகளுக்கு ஆட்களைக் கொண்டுசெல்வதும், கடலில் ஆபத்துக்குள்ளானோரைத் தேடி மீட்பதும் அதன் முக்கிய பணிகளாக எண்ணப்பட்டன. வர்த்தகத் தேவைக்கென உருவான ஹெலிகொப்டர்களுள் கம்பிவழிக் கட்டுப்பாட்டுடன் வடிவமைக்கப்பட்ட முதலாவது இதுவே. அதற்கு முன் எழுதப்பட்டிருந்த விதிகளில் இத்தகைய கட்டுப்பாட்டுக்கு இடமின்மையால், அமெரிக்க வான்பயண நிருவாகம் இதற்கெனத் தனி நிபந்தனைகளை வகுக்க நேர்ந்தது. 2015 ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி டெக்ஸஸ் மாநிலத்தின் அமரில்லோ நகரில் அது முதன்முதலாக வானில் எழுந்தது.

காக்காவின் கேள்வி

சென்ற நோன்புப் பெருநாளன்று அயல்வீட்டுக் காக்காவைக் காணச் சென்றிருந்தோம். எழுபதைக் கடந்துவிட்டார். வட்டிலப்பமும் தேநீரும் எமக்கு உபசரித்துவிட்டுத் தாமும் கோப்பையை எடுத்தார். கை நடுங்கித் தேநீர் தட்டில் சிந்தியது. பழைய நினைவில், விமானியின் கைக்குப் பதிலாகக் கணினி வேலை செய்யும் புதிய ஹெலிகொப்டரைப் பற்றி அவருக்கு விளக்கிக் கூறினோம். விமானி கோலை இலேசாக அசைத்தாற் போதும், எஞ்சியதைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்றோம்.

அவர் சிந்திய தேநீரைத் துடைத்தவாறே, “அப்ப தம்பி, கை சும்மா நடுங்கினாலும் அது ஒரு கட்டளையெண்டு எடுத்துக்கிட்டா என்ன செய்யிற?” என்று கேட்டார்.

நாம் சிரித்துவிட்டோம். மூன்று கணினிகள் இருக்கின்றன, ஒன்று தவறினாலும் மற்றவை திருத்தும் என்று மறுமொழியும் கூறினோம். பின்னர் அமெரிக்க விசாரணைச் சபையின் முடிவைப் படித்தபொழுது, எமது சிரிப்புக்காக நாம் வெட்கப்பட வேண்டியதாயிற்று. பெருந்தொகையான பொறியியலாளர் முன்கூட்டிக் கேட்கத் தவறிய கேள்வியைத்தான் அந்த முதியவர் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு கேட்டிருக்கின்றார்!

2016 ஜூலை 6

முதற் பறப்பு நிகழ்ந்து ஓராண்டு கடந்த நிலையில், 2016 ஆம் ஆண்டு ஜூலை 6 ஆம் திகதி, முதலாவது பெல் 525 இரண்டு சோதனை விமானிகளுடன் டெக்ஸஸ் வானிற் பறந்துகொண்டிருந்தது. ஓர் எஞ்சின் செயலிழந்தால் ஊர்தி எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைப் பரீட்சிப்பதே அன்றைய வேலை. எஞ்சின் உண்மையில் நிறுத்தப்படுவதில்லை. அதற்கென மாற்றியமைத்த மென்பொருள் மூலம், நின்றுவிட்டது போன்ற நிலை உண்டாக்கப்படும். வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிச் சென்று, இறுதிச் சோதனையை ஊர்திக்கு விதிக்கப்பட்ட உச்ச எல்லையாகிய 185 நொட் வேகத்தில், அதாவது மணிக்கு ஏறக்குறைய 343 கிலோமீற்றர் வேகத்தில், நடத்தினர்.

எஞ்சின் வலு குறைந்ததும் சுழலியின் வேகம் வீழ்ந்தது. அது வழமையான அளவில் ஏறக்குறைய 91 வீதத்துக்கு இறங்கியது. இத்தகைய வேளையில் விமானி இடக்கை நெம்பைத் தாழ்த்தி இறக்கைகளின் சாய்வைக் குறைத்தால் சுழலி மீண்டும் வேகம் பெறும். அவ்வாறு மீளத் தொடங்கியும் வேண்டிய அளவுக்கு அது உயரவில்லை. குறைந்த வேகத்தில் இறக்கைகள் கத்தரிக்கோலின் இரு பாதிகள் போல ஒன்றையொன்று நெருங்கியும் விலகியும் ஆடத் தொடங்கின. அதனால் ஊர்தியின் உடல் முழுவதும் செக்கனுக்கு ஆறு முறை என்ற கணக்கில் அதிர்ந்தது.

இனி நிகழ்ந்ததே எமது கதையின் உயிர்நாடி. ஊர்தி அதிர்ந்தபோது இருக்கையில் அமர்ந்திருந்த விமானியின் உடலும் அதிர்ந்தது. நெம்பைப் பற்றிய கையும் அதே கணக்கில் மேலும் கீழும் நடுங்கியது. கணினி அந்த நடுக்கத்தை விமானியின் கட்டளை என்று எடுத்துக்கொண்டது. செக்கனுக்கு ஆறு முறை ‘ஏறு, இறங்கு’ என்று இறக்கைகளுக்கு ஆணையிட்டது. அந்த ஆணை அதிர்வை மேலும் வளர்த்தது. மறுபுறம், ஊர்தியின் சாய்வை அளக்கும் உணரிகளும் அதே அதிர்வை உணர்ந்து, அதைத் திருத்தும் நோக்கத்துடன் வேறு ஆணைகளைப் பிறப்பித்தன. அவையும் எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தன.

கயிற்றில் கட்டிய கல்லை வேகமாகச் சுழற்றினால் கயிறு விறைப்பாக நிற்கும். வேகம் குறைந்தால் துவளும். சுழலியின் இறக்கைகளும் அவ்வாறே. வேகமிழந்த இறக்கைகள் அளவுக்கு மீறி மேலும் கீழும் அசைந்து ஊர்தியின் வாற்பகுதியை வெட்டின. இத்தாலி என்னும் பெயர் கொண்ட சிற்றூருக்கு அருகே ஊர்தி வானிலேயே சிதைந்தது. விமானிகள் இருவரும் மாண்டனர்.

மூன்றும் ஒன்றே சொன்னால்?

ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2018 ஆம் ஆண்டு தன் முடிவை வெளியிட்டது. வளர்ந்துகொண்டே செல்லும் இத்தகைய அதிர்வைத் தடுக்கும் காப்பு, கட்டுப்பாட்டு விதிகளில் எழுதப்பட்டிருக்கவில்லை. இந்த அதிர்வு வடிவமைப்பின்போது எதிர்பார்க்கப்படவும் இல்லை. சுழலியின் வேகம் ஆபத்தான அளவுக்குக் குறைந்தால் சோதனையைத் தானாகவே கைவிடும் ஏற்பாடும், வேகம் குறைந்ததை ஐயத்துக்கு இடமின்றி விமானிக்கு உணர்த்தும் அறிகுறியும் இல்லை என்று அது கூறியது.

வாசகர்கள் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். மூன்று கணினிகளும் தமக்கு எழுதிக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றின. ஒன்று தவறினால் மற்ற இரண்டும் திருத்தும் என்பது உண்மைதான். மூன்றும் ஒரே விதியைப் பின்பற்றும்போது, அவ்விதியிலேயே குறை இருக்குமாயின் எது எதைத் திருத்தும்? வகுப்பறையில் நாம் இதனை அடிக்கடி காண்கின்றோம். பாடநூலில் ஒரு விடை பிழையாக அச்சாகிவிட்டால், முப்பது மாணவரும் அதே பிழையை எழுதிவிட்டு, “எல்லோருக்கும் ஒரே விடை வந்திருக்கிறதே, சேர்!” என்று உறுதியுடன் வாதாடுவர்.

கை நடுக்கம் இயந்திரத்தை அடைந்து மீண்டும் கைக்கே திரும்பி வளர்வதை விளங்கிக்கொள்ள அமெரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை. நாம் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகிய நாட்களில், பாணமை வீதியில் கிறவல் பெயர்ந்து கிடந்த ஓரிடத்தில் இதை நன்கு அனுபவித்தோம். பள்ளத்தில் வண்டி குலுங்கியது, குலுக்கத்தில் மணிக்கட்டு தானாகவே முறுக்கியை முறுக்கியது, எஞ்சின் உறுமி வண்டி முன்னே துள்ளியது, துள்ளலில் கை பின்வாங்க, வண்டி தயங்கியது, மறுபடியும் துள்ளல். நான்கைந்து துள்ளலில் நாம் பற்றைக்குள் கிடந்தோம். நாம் முறுக்க வேண்டும் என்று நினைத்ததேயில்லை. ஆனால் எமது எண்ணத்தையும் எமது குலுக்கத்தையும் வேறுபிரித்தறிய அந்த எஞ்சினுக்கு வழி இல்லை.

பழைய தண்டுமுறை ஹெலிகொப்டரிலும் இத்தொல்லை உண்டு. கை நடுங்கினால் தண்டும் நடுங்கும். வேறுபாடு என்னவெனில், தண்டுக்குப் பகுத்தறியும் ஆற்றலை எவராலும் கொடுக்க இயலாது, கணினிக்குக் கொடுக்கலாம். விபத்துக்குப் பின்னர் பெல் நிறுவனம் செய்ததும் அதுவே. மனிதன் வேண்டுமென்றே நெம்பை அசைக்கும்போது அவ்வசைவு ஒப்பளவில் மெதுவானது. செக்கனுக்கு ஆறு முறை ஒரே ஒழுங்கில் வரும் அசைவு பெரும்பாலும் நடுக்கமே. ஆகவே முன்னதை ஏற்று, பின்னதைத் தணிக்கும் வடிகட்டிகளை மென்பொருளில் அமைத்தனர். அரிசியையும் கல்லையும் பிரிக்கும் சுளகு போன்றது இது. ஆயின் சுளகை மிகுதியாகப் புடைத்தால் அரிசியும் சிந்தும். வடிகட்டலை மிகைப்படுத்தினால், விமானி அவசரமாக இடும் உண்மையான கட்டளையும் தாமதமாகும். எவ்வளவு வடிகட்டுவது என்பதிலேதான் பொறியியலாளரின் திறமை அடங்கியிருக்கின்றது.

2017 ஜூலையில் சோதனைப் பறப்புகள் மீண்டும் தொடங்கின. எனினும் முதற் பறப்பு நிகழ்ந்து ஒன்பது ஆண்டுகள் சென்ற பின்னரும், 2024 ஆம் ஆண்டு வரை, பெல் 525 பயணிகளை ஏற்றுவதற்கான சான்றிதழைப் பெற்றிருக்கவில்லை. வாங்கக் காத்திருந்தோருக்கு அது நீண்ட தாமதம். அதில் ஏறப்போகும் பயணிகளின் பக்கமிருந்து பார்க்கும் நாம் அதனைக் குறை கூறமாட்டோம்.

கணினி தன் எசமானின் மனத்தைத் தவறாக உணரக்கூடும் என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 2020 ஆம் ஆண்டு ஏப்ரில் 29 ஆம் திகதி கனடா நாட்டுப் படையின் சைக்கிளோன் ஹெலிகொப்டர் கிரேக்க நாட்டுக்கு அப்பால் அயோனியன் கடலில் வீழ்ந்து அறுவர் உயிரிழந்தனர். அதுவும் கம்பிவழி இயங்குவது. தானியங்கி முறை ஒரு பணியைச் செய்துகொண்டிருக்கையில் விமானி கையாலும் கட்டளையிட்டபோது, கணினி இரண்டையும் சேர்த்துக் கணித்த விதம் விமானி எதிர்பார்த்ததினின்று வேறுபட்டமை விசாரணையில் வெளியாயிற்று.

அயல்நாட்டு அனுபவம்

இவற்றைப் படிப்பவர், ‘அப்படியாயின் பழைய தண்டே போதுமே’ என்று எண்ணக்கூடும். அதற்கு இந்தியாவின் அனுபவம் மறுமொழி சொல்கிறது. பெங்களூரில் உருவாகி 1992 ஓகஸ்டில் முதன்முதலாகப் பறந்த துருவ் ஹெலிகொப்டர் தண்டுமுறையைச் சேர்ந்தது. இமயத்தின் உயர்ந்த முகடுகளிலும் அது சிறந்த சேவை புரிந்திருக்கின்றது. ஆயினும் 2025 ஜனவரி 5 ஆம் திகதி போர்பந்தரில் இந்தியக் கரையோரக் காவற்படையின் துருவ் ஒன்று வீழ்ந்து மூவர் உயிரிழந்தபோது, இறக்கைகளைச் சாய்விக்கும் தட்டு முறிந்திருந்தமை தெரியவந்தது. உலோகமும் களைப்படையும். கம்பிவழி ஹெலிகொப்டரிலும் அந்தத் தட்டு இருக்கவே செய்யும் என்பதையும் முன்னரே கூறினோம்.

அதே பெங்களூரில் கம்பிவழிக் கலையையும் கற்றனர். தேஜஸ் போர்விமானத்துக்கான கட்டுப்பாட்டு முறையை அமெரிக்க நிறுவனமொன்றுடன் சேர்ந்து உருவாக்கிக்கொண்டிருந்த வேளையில், 1998 மே மாதப் பொக்ரான் அணுச்சோதனையை அடுத்து அமெரிக்கா ஒத்துழைப்பை நிறுத்தியது. அங்கு சென்றிருந்த இந்தியப் பொறியியலாளர் நாடு திரும்பி, எஞ்சியதைத் தாமே எழுதி முடித்தனர். நான்கு வழிகளில் ஒன்றையொன்று சரிபார்க்கும் கணினி முறையுடன் தேஜஸ் 2001 ஜனவரி 4 ஆம் திகதி வானில் எழுந்தது. கையின் கட்டளைக்குப் பொருள் கூறும் விதியை எழுதும் அறிவு ஒரு நாட்டுக்குள்ளேயே இருப்பதன் பெறுமதியை இவ்வனுபவம் காட்டுகின்றது.

எமக்கு இதில் என்ன?

இலங்கை ஹெலிகொப்டர் செய்யும் நாடன்று. பெல் 525 போன்றதை விரைவில் வாங்கும் நாடென்றும் சொல்வதற்கில்லை. எனினும் எமக்கு இதில் அக்கறை உண்டு. 2025 நவம்பர் 30 ஆம் திகதி, டித்வா சூறாவளியின் வெள்ளத்தில் அகப்பட்ட மக்களுக்கு உதவச் சென்ற எமது விமானப்படையின் பெல் 212 ஹெலிகொப்டர் லுணுவிலவில் வீழ்ந்து அதன் விமானி உயிர் துறந்தார். அவ்விபத்தின் காரணத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. வெள்ளமும் கடலும் வழியை மறிக்கும் இந்நாட்டில், உதவிக்கு வரும் கைகள் எத்தகைய பாரத்தைச் சுமக்கின்றன என்பதை நினைவூட்டவே அதனைக் குறிப்பிட்டோம். அந்தப் பாரத்தைக் குறைக்கும் எந்தக் கலையும் எம்மைப் போன்ற கரையோரத்து ஊர்களுக்கு அந்நியமானதன்று.

விஞ்ஞானம் பயிலும் எமது மாணவ மாணவியர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பௌதிகவியலில் அவர்கள் படிக்கும் பரிவு, மீடிறன், அதிர்வு என்பன பரீட்சைத் தாளுடன் முடிந்துபோகும் சொற்கள் அல்ல. செக்கனுக்கு ஆறு என்ற மீடிறன் இரண்டு உயிர்களைக் கொண்டுசென்றது. ஓர் இயந்திரத்துக்கு விதி எழுதுவோர், அது நன்றாக இயங்கும் வேளையை மட்டும் எண்ணினாற் போதாது. அதைப் பிடிக்கும் கை நடுங்கும் வேளையையும் எண்ண வேண்டும்.

சென்ற வாரம் காக்காவை மறுபடியும் கண்டோம். அவருடைய கேள்விக்கு நாம் கூறிய மறுமொழி தவறு என்பதை ஒப்புக்கொண்டு, நிகழ்ந்த அனைத்தையும் விளக்கினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “அந்த ரெண்டு புள்ளையளும் கடைசி வரைக்கும் கையை விட்டிருக்க மாட்டாங்க தம்பி” என்றார்.

கடலில் சுக்கான் பிடித்தவருக்கு அது தெரியும். இனிமேல் விதி எழுதுவோருக்கும் தெரிந்திருக்கும் என்று நம்புகின்றோம்.